இரண்டாம் வரிசை இயங்குதளம்

பெருங்களத்தூரிலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் மூன்றாவது நிலையமான குரோம்பேட்டையில், எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏ.யு-கே.பி.சி. ஆய்வு மையத்தையும் சென்னை சி-டாக் நிறுவனத்தையும் இணைத்து, மூல நிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையளிக்கும் கட்டற்ற மென்பொருளுக்கெனத் தேசிய வள மையம் ஒன்றை நடுவண் அரசு 2005-இல் அமைத்தது. அம்முயற்சியில் விளைந்த ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் இயங்குதளம், அதாவது கணினியின் வன்பொருளையும் செயலிகளையும் ஒருங்கே மேய்க்கும் அடிப்படை மென்பொருள், 2007-இல் வெளிவந்து, 2011-இல் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் சேர்ந்து குடியேறியது. கணினியை முடுக்கியதும் இரண்டில் எது வேண்டுமென்று கேட்கும் இவ்வேற்பாட்டுக்கு இரட்டைத் துவக்கம் என்று பெயர். மக்கள் பணத்தில் நின்ற வேட்பாளருக்கு வாக்குச்சீட்டில் இடம் உறுதியாகிவிட்டதால், வாக்கு விழுகிறதா என்று எண்ணிப் பார்ப்பது எவருடைய பணிப்பட்டியலிலும் சேரவில்லை போலும். வன்தட்டில் பாஸுக்கெனப் பிரித்திருந்த பகுதியும், தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஏரிகளைப் போலவே, காலப்போக்கில் சுருங்கித் திரைப்படங்களுக்கு வழிவிட்டிருந்தால் அதில் வியப்பில்லை. ஆயினும் நம்பகத்தன்மை என்று வரும்போது அதன்மீது குறைகாண இடமில்லை. அது ஒருமுறையேனும் திறக்கப்படாத மடிக்கணினிகளில் ஒருமுறையும் செயலிழந்ததில்லை என்பதை அடுத்த நிதிக் கோரிக்கையில் தயக்கமின்றிக் குறிப்பிடலாம்.