கைமடியும் இண்டக்‌ஷனும்

1983. திருப்பூர் காதர்பேட்டைக்குப் பின்சந்தில் ஒரு பனியன் கம்பெனி. எனக்குப் பன்னிரண்டு வயசு. மாமா கூட்டிப்போய், "நம்ம பையனுங்க, பார்த்துப் போட்டுக்குங்க" என்றார். விண்ணப்பம், இன்டர்வியூ, ஆர்டர் எல்லாம் அந்த ஒரு வரிதான். ஓவர்லாக் டெய்லருக்குப் பக்கத்தில் கைமடிக்க உட்காரவைத்தார்கள். அவர் தைத்துத் தள்ளும் பீஸைப் பிடித்து, பிசிறு வெட்டி, மடித்து அடுக்க வேண்டும்.

ஆனால் முதல் பாடம் வேறு. "ஜீப்புச் சத்தம் கேட்டா பின்வாசல்ல ஓடிரணும் கண்ணு. பூட்டியிருந்தா வேஸ்ட் மூட்டைக்குள்ள பூந்துக்க." 14 வயசு ஆகாதவரை பாக்டரியில் வைக்கக் கூடாது என்று 1948லிருந்தே சட்டம். எனக்கு அது அறிமுகமானது பனியன் வேஸ்ட் வாசனையோடு.

மிஷினைத் தொட விடமாட்டார்கள். டெய்லர் அண்ணன் தூக்குப்போசியைத் திறக்கும் நேரம்தான் நமக்கு. கட்டிங் வேஸ்ட்டை ஓட்டிப் பழகலாம். ஊசி முறிந்தால் தலையில் ஒரு கொட்டு. அடுத்த வருஷம் பஞ்சப்படி கேட்டு 127 நாள் ஸ்ட்ரைக். உரிமை என்று ஒன்று இருப்பதைக் கம்பெனி சொல்லவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றவர்கள் சொன்னார்கள்.

இப்போது அவினாசி ரோட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். அன்று சிபாரிசு இல்லாமல் உள்ளே போக முடியாது. இன்று 'டெய்லர்கள் தேவை' போர்டைக் கழற்றியே பல வருஷமாகிறது. தன்பாத் எக்ஸ்பிரஸில் வந்திறங்கும் ஜார்க்கண்ட் பையன்களுக்கு ஸ்டேஷனிலேயே வேன் நிற்கிறது. ஆதார், கைரேகை, இஎஸ்ஐ, பிஎஃப், இந்தியில் வீடியோ, புகார்ப்பெட்டி எல்லாம் உண்டு. பயிற்சி ஹாலில் நூல் கோக்காத மிஷினில், காகிதத்தில் அச்சிட்ட கோட்டின் மேல் ஊசி ஓட்டுகிறார்கள். முதலில் நேர்கோடு, அப்புறம் வளைவு. ஓட்டை விழுந்த காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கோணல் தெரிந்துவிடும். யாரும் கொட்டுவதில்லை. பொறாமையாகத்தான் இருக்கிறது.

இதெல்லாம் மனசு இளகி வந்ததல்ல. பாதி பையர் வைக்கும் ஆடிட், மீதி ஆள் பஞ்சம். 2023 மார்ச்சில், வடமாநிலத்தவரை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவி, பீகார் அதிகாரிகள் குழுவே திருப்பூருக்கு வந்து விசாரித்தது. அந்த வாரம் எங்கள் முதலாளி ஹாஸ்டலுக்கே போய், சாப்பாட்டில் உப்பு சரியா என்று கேட்டார்.

முதல் பாடம் மட்டும் இன்றும் உண்டு. ஓட வேண்டாம், ஒப்பித்தால் போதும். போன ஆடிட்டில் புதுப்பையன் ஒருவன் மூச்சுவிடாமல் சொன்னான்: "எட்டு மணி நேரம் வேலை. ஓவர்டைம் விருப்பம் இருந்தால் மட்டும்." எச்.ஆர். மேடத்துக்கு முகமெல்லாம் பூரிப்பு. அன்றைக்குத்தான் தூத்துக்குடிக்குக் கண்டெய்னர் கிளம்ப வேண்டும். அவன் விருப்பப்பட்டு ராத்திரி ஒரு மணி வரை பிசிறு வெட்டினான். நானும் விருப்பப்பட்டுப் பக்கத்தில் நின்றேன்.