மொச்சைக்கு யார் பொறுப்பு?

ராஜபாளையத்து நாய்க்கு 2005-இல் தபால்தலை வெளியிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். இரண்டு ஊர் அடுப்பிலும் கொதிக்கும் காய்ந்த மொச்சைக்குத்தான் ஒரு மரியாதையும் இல்லை. பால்கோவாவைப் பெட்டியில் போட்டுச் சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோகலாம், மொச்சையைக் கொண்டுபோக முடியுமா என்பார்கள். முடியாதுதான். ஆனால் ஒரு குடும்பத்தின் நிர்வாகத்தை அளக்க மொச்சையைவிட நல்ல கருவி கிடையாது. அதை முந்தின ராத்திரியே ஊறப்போட வேண்டும். காலையில் எழுந்து, "இன்னைக்கு மொச்சைக் குழம்பு வையேன்" என்று உத்தரவு போடுபவருக்கு அது தெரியாது. அவர்தான் பெரும்பாலும் குடும்பத் தலைவர். குக்கர் எதற்கு இருக்கிறது என்று அவர் வாதிடக்கூடும். குக்கர் நேரத்தைக் குறைக்கும், மறதியைத் திருத்தாது. ஊறாத மொச்சையில் ஒன்று குழையும், ஒன்று கல்லாய் நிற்கும். அவசரத்தில் புளியை முதலிலேயே ஊற்றிவிட்டால் இன்னும் மோசம், புளிப்பில் பயறு லேசில் வேகாது. நினைவாக ஊறப்போட்டவளை யாரும் பாராட்டுவதில்லை; மறந்த நாளில் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மொச்சை வாயு என்பது கடைசி ஆட்சேபம். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு நன்றாக வேகவைத்தால் அதுவும் ஓரளவு குறையும். மிச்சத்துக்கும் மொச்சையே பொறுப்பாம், மூன்றாம் கரண்டி கேட்டவர் இல்லையாம்.