போக ஒரு வண்டி, திரும்ப ஒரு வண்டி

ஜெஞ்சாரோம்,
சிலாங்கூர்.

அன்புள்ள அக்காவுக்கு,

மாமா அனுப்பிய பயணத் திட்டம் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது. எக்செல்லில் கட்டம் போட்டு, ஆளுக்கு ஒரு கலர் கொடுத்து, அத்தைக்கு மட்டும் மஞ்சள் பூசியிருக்கிறார். யூனியன் ஆபீஸ்காரர் போட்ட திட்டம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் நாளுக்கு: காலை 7:00 கெந்திங் மலை. 12:30 சன்வே லகூன். 4:45 பத்துமலை, தரிசனம் 20 நிமிஷம். 6:00 இரட்டைக் கோபுரம், அடைப்புக்குறிக்குள் 'போட்டோ மட்டும்'.

இதைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது. மாமா மலேசியாவைப் புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் ஒரு தாலுகா என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். கெந்திங் இருப்பது கோலாலம்பூருக்கு வடகிழக்கே, ஆறாயிரம் அடி உயரத்தில். சன்வே ஊருக்குத் தென்மேற்கே, சமவெளியில். பத்துமலை மறுபடியும் வடக்கே. அங்கே 272 படி. அத்தையின் முழங்காலையும் 20 நிமிஷத்தையும் ஒரே கட்டத்தில் எழுதிய மனுஷனின் தைரியத்தை நான் மெச்சுகிறேன்.

கெந்திங்கைத் தனி நாளுக்குத் தள்ளிவைத்துவிட்டேன் என்று மாமாவிடம் சொல்லிவிடு. அந்த மலையில் லிம் கோ தோங் என்ற சீனர் ஓட்டல் கட்டக் கிளம்பியது 1965இல். அப்போது மேலே ஏற ரோடு கிடையாது. ஆள் வந்தால்தானே ஓட்டல் என்று காட்டை வெட்டி, மலையைக் குடைந்து முதலில் ரோடு போட்டார். முதல் ஓட்டல் திறந்தது 1971இல். விருந்தாளியை அழைத்துவர இவ்வளவு மெனக்கெட்ட ஓட்டல்காரர் வேறு யாராவது உண்டா தெரியவில்லை. இப்போது மேலே 2022இல் திறந்த ஸ்கைவேர்ல்ட்ஸ் என்று பெரிய தீம் பார்க் இருக்கிறது, ஏறிப்போகக் கேபிள் காரும் இருக்கிறது. அதற்கு ஒரு முழு நாள் வேண்டும். ஆகவே மூன்றாம் நாள் சன்வே லகூன் மட்டும். மாமா அழுதாலும் மட்டும்தான்.

இனி வண்டி விஷயம். மாமா கேட்டிருக்கிறார்: "எட்டுப் பேருக்கு ஒரு வேன். காலையில் ஓட்டல் வாசலில் ஏற்றி, பார்க்கில் விட்டு, சாயந்திரம் கொண்டுவந்து விட எவ்வளவு? டிரைவர் பேட்டா தனியா, சேர்த்தா?"

அக்கா, முட்டுக்காட்டுப் பக்கம் எம்ஜிஎம்முக்கு டெம்போ டிராவலர் பிடித்துப் போனோமே, அந்த டிரைவரை நினைத்துப் பார். அறந்தாங்கியில் ஏறும்போது அந்நியர், திண்டிவனம் தாண்டுவதற்குள் சித்தப்பா. நம்மோடுதான் டிபன் சாப்பிட்டார். நாம் ராட்டினத்தில் சுற்றியபோது வண்டிக்குள் காலை நீட்டித் தூங்கினார். திரும்பும் வழியில் மாமாவின் வரப்புத் தகராறுக்கு யோசனையும் சொன்னார். வண்டி பிடித்தால் டிரைவரையும் ஒருநாள் தத்து எடுப்பது நம் ஊர் வழக்கம்.

இங்கே அந்த உறவு கிடையாது. காலை ஒன்பது மணிக்கு வேன் வரும், ஏற்றும், இறக்கும், இரண்டு நிமிஷத்தில் மறையும். அவருக்கு அடுத்து ஏர்போர்ட்டில் யாரோ ஒரு கொரியாக்காரர் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை இருக்கும். சாயந்திரம் வருவது அதே வேனாக இருக்கலாம், வேறு வேன், வேறு ஆளாகவும் இருக்கலாம். போவது ஒரு கூலி, வருவது தனிக் கூலி. நாள் முழுக்கக் கூடவே இருக்க வேண்டுமென்றால் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் என்று கணக்குப் பேசிக்கொள்ளலாம். அதற்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் தனியாக வெள்ளி எண்ணி வைக்க வேண்டும் (இங்கே ரிங்கிட்டை நம் ஜனங்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள்). பத்து மணியிலிருந்து ஆறு மணிவரை நீங்கள் தண்ணீரில் கிடப்பீர்கள். வேன் வெயிலில் கிடக்கும். அது வெயில் காய்வதற்கு மாமா ஏன் காசு கொடுக்க வேண்டும்? இரண்டு தனித்தனி சவாரி போதும். பேட்டா இல்லை. இதைக் கேட்டு மாமாவுக்குச் சந்தோஷமா வருத்தமா என்று எழுது.

ஆனால் ஒன்றை மாமா நெஞ்சில் எழுதிக்கொள்ளட்டும். போகிற வண்டிக்காக யாரும் கவலைப்பட வேண்டாம். காலையில் கையைத் தட்டினால் வண்டி. ஆளாளுக்கு ஒரு நேரத்தில் கிளம்புவார்கள், ரோடும் தாங்கும். காசு கொடுத்து முன்கூட்டியே பிடித்துவைக்க வேண்டியது திரும்புகிற வண்டியை. பார்க் மூடுவது ஆறு மணிக்கு. உள்ளே இருக்கிற அத்தனை ஜனமும் ஈரத்தலையோடு ஒரே நேரத்தில் வெளியே வரும். இந்த ஊரில் வெயில் கொளுத்திய நாளில் நாலரை ஐந்துக்கு இடி மின்னலோடு ஒரு மழை உறுதி. ஆபீஸ் விடுகிற நேரமும் அதுதான். மூன்றும் சேர்ந்தால் ரோட்டில் ஜாம் (சாப்பிடுகிற ஜாம் இல்லை, அக்கா). அப்போது கைபேசியில் கிராப் தட்டினால் காலையில் பார்த்த கட்டணம் சாயந்திரம் நம்மை அடையாளம் தெரியாத மாதிரி நிற்கும்.

கிராப் என்பது இந்த ஊரில் பிறந்த பிள்ளை. 2012இல் மைடெக்சி என்ற பேரில் கோலாலம்பூரில் தொடங்கியது. 2018இல் ஊபர் தன் தென்கிழக்காசியக் கடையையே இதன் கையில் கொடுத்துவிட்டுப் போனது. தனியாகவோ ஜோடியாகவோ போகிறவர்களுக்கு அதைவிட வசதி இல்லை, நானும் அதில்தான் போகிறேன். எட்டுப் பேர் என்றால் இரண்டு கார் ஆகும். இரண்டு கார் என்றால் அத்தை ஒன்றில், அத்தையின் மாத்திரை டப்பா இன்னொன்றில். அதனால்தான் வேன்.

வேன் என்றதும் மாமா எங்கிருந்தோ அல்பார்ட் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார், திரைச்சீலை போட்டது, கால் நீட்டுகிற சீட் வைத்தது. அது அழகான வண்டிதான். இங்கே டத்தோ பட்டம் வாங்கியவர்கள் அதில்தான் வந்து இறங்குவார்கள். டிரைவரைச் சேர்த்து ஏழு பேர் உட்காரலாம். நீங்கள் எட்டு. கொழுந்தனாரையும் அவர் சம்சாரத்தையும் ரயிலில் அனுப்பிவிட்டு நாம் அல்பார்ட்டில் போகலாம் என்று மாமா நினைத்தால், அதை அவரே தம்பியிடம் சொல்லட்டும். நான் ஹையேஸ் வேன் பேசியிருக்கிறேன். திரைச்சீலை இல்லை, ஏசி உண்டு.

ரயில் என்றதும் சொல்கிறேன், அதுவும் நடக்காத காரியமில்லை. கேஎல் சென்ட்ரலில் கிள்ளான் துறைமுகம் போகிற கேடிஎம் ஏறி செத்தியா ஜெயாவில் இறங்கினால், 2015இல் திறந்த பிஆர்டி பஸ் மேம்பாலத்திலேயே ஓடுகிறது, ஜாமே கிடையாது. 'சன்வே லகூன்' என்றே ஒரு நிறுத்தம் உண்டு. உன் சின்னவளும் நானும் மட்டுமென்றால் அப்படிப் போய்விடுவோம். அத்தையோடு எட்டுப் பேரையும் மாற்று உடைப் பைகளையும் இரண்டு இடத்தில் ஏற்றி இறக்க எனக்குத் தெம்பு இல்லை.

இப்போது முக்கியமான விஷயம். 'சன்வே' என்பது விலாசம் ஆகாது. ஒருகாலத்தில் அது ஈயம் தோண்டிய பள்ளம். தோண்டி முடித்துக் கைவிட்ட குழியை ஜெஃப்ரி சியா என்ற தொழிலதிபர் ஒரு நகரமாகவே ஆக்கிவிட்டார். லகூன் திறந்தது 1993இல். மாமா தொங்கு பாலத்தில் நின்று கீழே பார்க்கப்போகிற அலைக்குளமெல்லாம் அந்தப் பள்ளத்துக்குள்தான். பிறகு பக்கத்திலேயே எகிப்துப் பிரமிடு ஒன்று, அதன் வாசலில் பிரம்மாண்டமான சிங்கம். அது கோயில் இல்லை, சன்வே பிரமிட் கடைவளாகம். அத்தை கன்னத்தில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள். ஓட்டல் பேரும் சன்வே, ஆஸ்பத்திரியும் சன்வே, பல்கலைக்கழகமும் சன்வே.

போன வருஷம் என்னோடு வேலை பார்க்கிற சிவகங்கைக்காரரின் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். திரும்பும் வண்டிக்காரர் போனில், "எங்க நிக்கிறீங்க பாஸ்?" என்றார். "சன்வே." "சன்வேல எங்க?" "வாசல்ல." அவர் ஆஸ்பத்திரி வாசலில் வேனை நிறுத்திக்கொண்டு, இவ்வளவு தெம்பாகப் பேசுகிற நோயாளி யார் என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். இவர்கள் சிங்கத்தின் காலடியில் ஈரத் துண்டோடு நின்றிருக்கிறார்கள். காத்திருப்புக் கூலியை அவர் இவர்களிடம் கேட்க, இவர்கள் அவரிடம் கேட்க, கடைசியில் இருவரும் சிவகங்கைக்காரரிடம் கேட்டார்கள். ஆகையால் வேன்காரருக்கு ஏறுகிற இடத்தைப் படத்தோடு அனுப்பி உறுதி வாங்கிவிட்டேன். அந்தப் படத்தை மாமா பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்துகொள்ளட்டும். எப்படியும் செய்யத்தான் போகிறார்.

திரும்பிப் போகிற வண்டியை யோசிக்காமல் ஆளை அனுப்பினால் என்ன ஆகும் என்பது எங்கள் ஜெஞ்சாரோமுக்கு நன்றாகத் தெரியும். 2018இல் சீனா பிளாஸ்டிக் குப்பை வாங்குவதை நிறுத்தியதும், பணக்கார தேசங்களின் குப்பையெல்லாம் கன்டெய்னர் ஏறி கிள்ளான் துறைமுகத்தில் இறங்கி நேராக இந்தப் பக்கம் வந்துவிட்டது. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே லைசென்ஸ் இல்லாத ஆலைகள் முளைத்து, இரவில் எரித்து, ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டது. உலகப் பத்திரிகையில் இந்த ஊர்ப் பேர் வந்ததே அதனால்தான். அப்புறம் ஊர்க்காரர்கள் விடாமல் புகார் செய்து, அரசாங்கம் ஆலைகளை மூடி, 2020 ஜனவரி வரைக்கும் நாடு முழுவதும் பிடித்த 150 கன்டெய்னர்களைப் பதின்மூன்று தேசங்களுக்குத் திருப்பி அனுப்பியது. அதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், திரும்பும் கூலியில் ஒரு காசுகூட மலேசியா தரவில்லை. கப்பல்காரர்களும் ஏற்றுமதி, இறக்குமதி செய்தவர்களும்தான் கட்டினார்கள். மாமாவுக்கு அந்த அரசாங்கத்தின் சாமர்த்தியம் இருந்தால் சன்வேயிலிருந்து பைசா செலவில்லாமல் ஓட்டல் சேரலாம்.

"தம்பி வீடு இருக்க ஓட்டல் எதுக்கு?" என்று நீ கேட்டதாக மாமா எழுதியிருந்தார். வீடு என்று நான் சொல்வது ஒரு சீனர் வீட்டு மாடியில் மூன்று பேர் பங்கு போட்ட அறை. ஊர் நல்ல ஊர். சீனப் புத்தாண்டுக்கு டொங் சென் புத்தர் கோயிலில் ஆயிரக்கணக்கில் விளக்குக் கட்டுவார்கள், கிள்ளானிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். ஆனால் ஓட்டலுக்கு பிரிக்ஃபீல்ட்ஸ்தான் சரி. இட்லி உண்டு, மல்லிகைப்பூ உண்டு, கேஎல் சென்ட்ரல் நடக்கிற தூரம். அத்தை மலாய் பேச வேண்டிய அவசியமே வராது. ஒரு சங்கடம், துன் சம்பந்தன் சாலை ஒருவழிப்பாதை. வேன் ஒருமுறை வாசலைத் தாண்டிப் போய்விட்டால் சுற்றி வர காபி குடித்து முடிக்கிற நேரம் ஆகும், நிறுத்திவைக்கவும் இடம் கிடையாது. ஒன்பது மணி என்றால் எட்டே முக்காலுக்கு எட்டுப் பேரும் கீழே நிற்க வேண்டும். நம் வீட்டில் ஒன்பது என்றால் அத்தை குளிக்கக் கிளம்புகிற நேரம் என்று எனக்குத் தெரியும். அதனால் அத்தையிடம் மட்டும் எட்டு மணி என்று சொல்லிவை.

என் ஆலையில் ஒருவர், "எதுக்குண்ணே கம்பெனி வேன், தெரிஞ்ச பையன் இருக்கான், பாதி காசு லா" என்றார். பையன் நல்ல பையன்தான். வண்டிக்கு பெர்மிட் இல்லை. கெரேத்தா சாப்பு என்று இங்கே சொல்வார்கள். வழியில் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கையை விரித்துவிடும். மாமாவுக்குப் பாதிக் காசு என்பது காதில் விழுவதற்குள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடு.

ஏர்போர்ட்டுக்கும் இதே வேன்காரரையே சொல்லிவிட்டேன். எக்ஸ்பிரஸ் ரயில் அரைமணி நேரத்தில் சென்ட்ரலில் விட்டுவிடும், ஆனால் பெரியவர்களுக்குத் தலைக்கு 55 வெள்ளி. வேனுக்குத் தலைக்கணக்கு இல்லை, வண்டிக்கணக்குதான். கூட்டமாக வருகிறவர்களுக்கு அதுதான் கட்டும். விசா தேவையில்லை. ஆனால் வருகைப் படிவத்தை ஆன்லைனில் பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் எட்டுப் பேருக்கும் நிரப்ப வேண்டும். மாமாவை இதில் முழுமனதாக இறக்கிவிடு, மற்றதில் தலையிட மாட்டார்.

பார்க்குக்குள் வெளிச்சாப்பாடு கூடாது. அத்தை புளியோதரை கட்டாமல் இருக்க வழி இல்லை என்பதால், அதைக் காலையில் வேனிலேயே முடித்துவிடலாம். டிரைவருக்கும் ஒரு பொட்டலம் போடு, வாங்கிக்கொள்வார். தண்ணீரில் இறங்க நீச்சல் உடை வேண்டும். கொழுந்தனாரின் கட்டம்போட்ட லுங்கியை எந்த வாசலிலும் அனுமதிக்க மாட்டார்கள் என்று நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. மாற்று உடையும் ஆளுக்கு ஒரு பெரிய பிளாஸ்டிக் பையும் கட்டாயம். ஈரத்தோடு சீட்டில் உட்கார்ந்தால் சுத்தம் செய்கிற கூலியைத் தனியாகக் கேட்பார்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டும். கொழுந்தனார் கடைசி நேரத்தில் மச்சினனையும் கூட்டிவருகிற உத்தேசம் வைத்திருந்தால் இப்போதே சொல்லச் சொல். ஹையேஸில் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது. அவர் மச்சினன் குடும்பத்தோடுதான் வருவார் என்றால் வேறு வண்டி, வேறு கூலி, வேறு தம்பி.

அன்புடன்,
உன் தம்பி