எஞ்சினை இறக்குவதா, மாற்றுவதா?

காரமடையில் ஒரு பழைய அம்பாசிடர் புகை கக்க ஆரம்பித்தால், அது வீட்டு விவகாரமாக நிற்பதில்லை. பேக்கரி பெஞ்சுக்கு வந்துவிடுகிறது.

"எஞ்சினை இறக்கி வேலை பாருங்" என்பது ஒரு கட்சி. பிளாக்கைப் போரிங் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டி, கிராங்கைக் கிரைண்டிங்குக்கு அனுப்பினால் 1489 சிசி எஞ்சின் மறுபடி ஓடும். கோயமுத்தூரில் லேத் பட்டறைக்கா பஞ்சம்?

"ஏனுங்ணா, இசுசு எஞ்சினே போட்டுருங், ஏசியோட ஊட்டி ஏறுமுங்" என்பது எதிர்க்கட்சி. தொண்ணூறுகளில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே அம்பாசிடரில் இசுசு எஞ்சினை வைத்துவிட்டதால், இதைக் கலப்படம் என்று திட்டவும் முடியாது.

மனசாட்சி சமாதானமானாலும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஆகாது. மாற்றிய எஞ்சினுக்கு அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். 2021-இல் வந்த விதிப்படி, 50 வயது தாண்டிய காருக்கு 20,000 ரூபாய் கட்டினால் 'விஏ' எழுத்தோடு விண்டேஜ் நம்பர் உண்டு. ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது. நம்பர் வந்தபின் தினசரி ஓட்டவும் கூடாது! பழைய எஞ்சினுக்குக் கௌரவம், புது எஞ்சினுக்கு ரோடு.

பிளாக்கில் விரிசல் இல்லையென்றால் போரிங்குக்கே கொடுங்கள். 'தேர் முடிஞ்சதும் வண்டி ரெடிங்' என்பார் மெக்கானிக். அட்வான்ஸ் நீட்டுமுன், எந்த வருஷத்துத் தேர் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.