ஏழு மலையும் ஐந்து வம்சமும்

48 வயதில் எம்.ஏ. வரலாறு படிக்கச் சேர்ந்தேன், தொலைநிலைக் கல்வியில். அறிவுத் தாகம் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உள்ளதைச் சொன்னால், புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருக்கும் ஆளை எங்கள் வீட்டில் யாரும் கேஸ் புக் பண்ணச் சொல்வதில்லை. மிக்ஸி ஜாருக்கு வாஷர் வாங்கிவர அனுப்புவதில்லை. மகன் பிளஸ் டூ படித்தபோது இந்தச் சலுகையை முழுசாக அனுபவித்தான். பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

விரித்தால் மட்டும் போதாது, படிக்கவும் வேண்டும் என்பது முதல் தேர்வு அறிவிப்பு வந்தபோதுதான் உறைத்தது. படிப்பிலிருந்து தப்பிக்க அடுத்த வழியைத் தேடினேன். மகனைப் பார்த்தேன்.

அவன் இப்போது இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். பிப்ரவரியில் வெள்ளியங்கிரி மலைப் பாதை திறந்தால் மே மாதத்துக்குள் மூன்று தடவையாவது ஏறிவிடுவான். இன்டர்னல், லேப், ரெக்கார்டு நோட்டு எல்லாம் அவனுக்கு அதே மாதங்களில்தான். எப்படிடா சமாளிக்கிறாய் என்று கேட்டேன். "சனிக்கிழமை ராத்திரி ஏறுனா ஞாயித்துக்கிழமை மத்தியானம் கீழ வந்துடலாங்ப்பா. தூங்கி எந்திரிச்சா திங்கக்கிழமை" என்றான். அவ்வளவுதான் அவன் திட்டம். நான் இதற்கு நாலு கலர் ஸ்கெட்ச் பேனாவில் கால அட்டவணை போட்டேன். அதைப் போட்டு முடிக்கவே ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் படிக்கவில்லை.

எனக்கும் திங்கட்கிழமைதான் பரீட்சை. டில்லி சுல்தான்கள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்க முடிவு செய்தேன். பாடத்தை என் குரலிலேயே போனில் பதிவு செய்து, காதில் மாட்டிக்கொண்டு ஏறுவது. மலைக்கு ஒரு வம்சம். மலையோ ஏழு, வம்சமோ ஐந்து. குறைந்த இரண்டுக்கு பாபரையும் ஹுமாயூனையும் முகலாயரிடம் கைமாற்றாக வாங்கிக்கொண்டேன்.

"ஏனுங்க, மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனாலே உங்களுக்கு மூச்சு வாங்குது" என்றாள் மனைவி. உண்மைதான். அந்தச் சாக்கில் துணி எடுப்பதையும் அவள் தலையிலேயே கட்டியிருந்தேன்.

பூண்டி அடிவாரத்தில் ஆளுக்கொரு மூங்கில் தடி வாங்கிக்கொண்டு ராத்திரி பத்து மணிக்கு ஏறத் தொடங்கினோம். முதல் மலை கல்படி. ஒவ்வொரு படியும் முழங்கால் உயரம் என்று என் முழங்கால் சொன்னது. காதில் என் குரல், குத்புதீன் ஐபக் குதுப் மினாரைத் தொடங்கி முதல் அடுக்கோடு போய்ச் சேர்ந்ததையும், மேல் அடுக்குகளை அவர் மருமகன் இல்துத்மிஷ் எழுப்பியதையும் விளக்கிக்கொண்டிருந்தது. வகுப்பில் கேட்டபோது சாதாரணமாகத் தெரிந்த ஐபக் அந்த இருட்டில் எனக்கு ரொம்பப் பிடித்துப் போனார். என் இல்துத்மிஷ் நாற்பது படி மேலே நின்று எனக்கு டார்ச் அடித்துக்கொண்டிருந்தான்.

வெள்ளை விநாயகர் கோயிலை நெருங்கும்போது பல்பன் வந்தார். அரசவையில் யாரும் சிரிக்கக்கூடாது என்று கெடுபிடி செய்த மனுஷன். அவர் கம்பீரமாக அரியணை ஏறும் நேரத்தில் காதுக்குள் குக்கர் விசில். கூடவே, "ஏனுங்க, மோட்டாரை நிறுத்துங்க, டேங்க் வழியுது!" பதறித் திரும்பி இரண்டு படி இறங்கிவிட்டேன். பின்னால் வந்த பெரியவர் என் தடியைப் பிடித்து நிறுத்தினார். வீட்டில் பதிவு செய்தால் வீடும் சேர்ந்து பதிவாகும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது மலை அலாவுதீன் கில்ஜி. தானியத்திலிருந்து குதிரை வரை எல்லாவற்றுக்கும் விலை நிர்ணயித்தவர். மலைமேல் சோடாவுக்கு அவர் ஆணை செல்லுபடியாகவில்லை. ஏற ஏற விலையும் ஏறியது. சுமந்து வருகிறவரின் தோளைப் பார்த்தபின் பேரம் பேச வாய் வரவில்லை.

மூன்றாவதில் முகமது பின் துக்ளக். 1327-ல் தலைநகரை டில்லியிலிருந்து தௌலதாபாதுக்கு மாற்றி, சில வருடம் கழித்து ஜனங்களைத் திரும்ப டில்லிக்கே போகச் சொன்னவர். "தம்பி, திரும்பிடலாமா?" என்றேன். "சரிங்ப்பா" என்று உடனே சொல்லிவிட்டான். கொஞ்சம் மறுத்திருக்கலாம். இருபது படி இறங்கினேன். இறங்குவது ஏறுவதைவிட மோசமாக இருந்தது. மறுபடி ஏறினேன். துக்ளக்கைக் கிறுக்கன் என்று பரீட்சையில் எழுதுவதில்லை என்று அங்கேயே தீர்மானித்தேன்.

நான்காவது மலையில் ஒரு பாறையில் சாய்ந்தேன். சையிது வம்சம் 37 வருடம் ஆண்டது. நான் அத்தனை நிமிடமாவது தூங்கியிருப்பேன். எழுந்தபோது லோடிகள் பானிப்பட்டில் தோற்றுக்கொண்டிருந்தார்கள்.

ஆறாவது மலையில் ஆண்டி சுனை. இந்துஸ்தானத்தில் குளிர்ந்த தண்ணீர் கிடையாது என்று பாபர் தன் நினைவுக் குறிப்பில் குறைப்பட்டிருக்கிறார். அவரை இங்கே கொண்டுவந்து ஒரு முங்கு போட வைத்திருக்க வேண்டும். மகன் குளித்தான். நான் கட்டைவிரலை மட்டும் நனைத்துவிட்டு, தலையில் மூன்று சொட்டு தெளித்துக்கொண்டேன். ஹுமாயூன் தொடங்கும்போது போனில் சார்ஜ் தீர்ந்தது. ஏழாவது மலையில் காற்றையும் குகைக்குள் ஈசனையும் பாடம் இல்லாமலே பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை தேர்வு அறை இரண்டாவது மாடி. கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி, நண்டு போலப் பக்கவாட்டில் ஏறினேன். அறை முழுக்க என் தைல வாசனை. கண்காணிப்பாளர் பரிவோடு ஜன்னலைத் திறந்துவிட்டார்.

முதல் கேள்வி: சையிது வம்ச ஆட்சியை மதிப்பிடுக.

1414 என்று எழுதினேன். 1451 என்று எழுதினேன். நடுவில் அந்தப் பாறைதான் ஞாபகத்துக்கு வந்தது, முதுகுக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்பதும். கிஸ்ர் கான் என்று ஒரு பெயரைச் சேர்த்து, அவரைச் சுற்றி அரைப் பக்கம் ஓட்டினேன். துக்ளக்குக்கு மட்டும் கூடுதல் தாள் வாங்கினேன்.

வெளியே வந்து படிக்கட்டின் தலைப்பில் நின்றபோதுதான் விட்டுப்போன ஹுமாயூன் நினைவுக்கு வந்தார். 1556-ல், நூலகத்துப் படிக்கட்டில் இறங்கும்போது தொழுகை அழைப்பு கேட்டு, அவசரத்தில் கால் இடறி விழுந்து இறந்துபோனவர். படிக்கப் போய்ப் படியில் விழுந்த பாதுஷா. நான் அவசரப்படவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கினேன். கடைசிப் படிக்குப் பக்கத்தில் மகன் பைக்கை நிறுத்திவிட்டு, கையில் என் மூங்கில் தடியோடு நின்றிருந்தான்.

"வர்ற வழியில அம்மா ஒரு வாஷர் வாங்கிட்டு வரச் சொன்னாங்ப்பா."