பந்து உங்களிடம் இல்லாதபோது என்ன செய்கிறீர்கள்?

எங்கள் ஃபுட்சால் அணியில் ஐந்து பேருமே கெட்டிக்காரர்கள். ஆனாலும் வாராவாரம் தோற்கிறோம். என்ன கோளாறு?
– இளைஞர், செந்தூல் பசார்

ஐந்து கெட்டிக்காரர்களுக்கும் சேர்த்து ஒரே பந்துதான், தம்பி. அதுதான் கோளாறு! தொண்ணூறு நிமிடக் காற்பந்திலேயே ஓர் ஆட்டக்காரரின் காலில் பந்து இருப்பது மொத்தம் மூன்று நிமிடம் தேறினால் அதிகம். மீதி 87 நிமிடம் அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. ஃபுட்சால் களமோ நீளம் 40 மீட்டர், அகலம் 20 மீட்டர். அந்தச் சின்ன இடத்தில் பந்தைத் தள்ளிவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றால், உங்களைக் காவல் காப்பவருக்கு நீங்களே ஓய்வு கொடுக்கிறீர்கள். கொடுத்த காலோடு ஓடுங்கள். பந்து திரும்பி வராவிட்டாலும் காவல்காரர் உங்கள் பின்னால் வருவார். அவர் விட்டுவந்த இடத்தில் உங்கள் கூட்டாளி கோல் அடிப்பார். பெயர் அவருக்கு, கோல் உங்களுக்கு.

கோல் காவலர் ஆறுமுகம் புகழ்பெற்றது நீளமான கைகளால்தானே?
– பழைய ரசிகர், கிள்ளான்

உங்கள் போர்ட் கிள்ளான் பிள்ளையை 'ஸ்பைடர்மேன்' என்று நாடே அழைத்ததற்குக் கைகள்தான் காரணம், மறுக்கவில்லை. ஆனால் கோல் கம்பங்களுக்கு நடுவே அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். எவ்வளவு நீளக் கை இருந்தாலும் அதை மூட முடியாது. நல்ல காவலர் பாய்வதற்கு முன்பே பாதி வேலையைக் காலால் முடித்துவிடுவார். கோல் கோட்டிலிருந்து இரண்டு மூன்று அடி முன்னால் வந்து நின்றாலே உதைப்பவர் கண்ணுக்குக் கோல் சுருங்கிவிடும். மீதிப் பாதி, முன்னால் நிற்பவர்களின் வேலை. அன்றைய மலேசிய அணியில் ஆறுமுகத்துக்கு முன்னால் நின்றவர்கள் சோ சின் ஆன், சந்தோக் சிங். 1980 ஏப்ரல் 6, மெர்டேக்கா அரங்கம்: தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார்கள். அரசியல் புறக்கணிப்பால் போக முடியவில்லை. 1988 டிசம்பரில் சாலை விபத்தில் ஆறுமுகம் மறைந்தார். 2016இல் வந்த 'ஓலா போலா' படத்துக்குக் கரு அந்த அணிதான்.

தீனா – பெர்லி மகளிர் இரட்டையர் இணையில் யார் பெரிய ஆட்டக்காரர்?
– பூப்பந்து ரசிகை, பிரிக்பீல்ட்ஸ்

வம்பில் மாட்டிவிடப் பார்க்கிறீர்கள்! பெர்லி டானின் ஸ்மாஷ் மணிக்கு 438 கிலோமீட்டர். பெண்களில் அதிவேகம் என்று 2023இல் கின்னஸில் ஏறியது. ஆனால் உயரே தூக்கிக் கொடுத்தால்தானே ஸ்மாஷ் அடிக்க முடியும்? எதிரணியைத் தூக்க வைப்பது வலையருகே குனிந்து நிற்பவரின் வேலை. தாக்கும்போது ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். தடுக்கும்போது இருவரும் பக்கம் பக்கமாக. இந்த இடமாற்றம் ஷட்டில் வலையைத் தாண்டும் நேரத்துக்குள் நடந்தாக வேண்டும். ஒருவர் அரை நொடி தாமதித்தால் நடுவில் ஓட்டை. அடுத்த ஆட்டத்தில் ஷட்டிலைப் பார்க்காமல், அடிக்காதவரின் கால்களை மட்டும் பாருங்கள். 2022 காமன்வெல்த் தங்கமும் 2025 உலகப் போட்டி வெள்ளியும் எங்கிருந்து வந்தன என்று தெரியும். இரண்டு பதக்கமும் இருவருக்கும் சேர்த்துத்தான்.

ஸ்மாஷ் வேகம் கூட ஜிம்மில் கையைத் தேற்றுகிறேன். சரியா?
– கல்லூரி மாணவர், செந்தூல் டாலாம்

சட்டை போட்டால் நன்றாக இருக்கும். ஸ்மாஷுக்கு அது போதாது. வேகம் தரையில் பிறக்கிறது. பின்கால் தரையை உந்த, இடுப்பு திரும்பும், இடுப்பு நிற்கும் நொடியில் தோள் கிளம்பும், அடுத்து முழங்கை, கடைசியில் முன்கை உள்பக்கமாகச் சுழலும். ஒன்று முடியும்போது அடுத்தது தொடங்க வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பினால் சத்தம் வரும், வேகம் வராது. இன்னொன்று: எதிராளி அடிக்கும் அந்த நொடியில் இரு கால்களாலும் ஒரு சின்னக் குதி குதித்து இறங்குங்கள். எந்தப் பக்கம் ஓடவும் கால் தயாராக இருக்கும். அதற்கு ஜிம் கட்டணம் கிடையாது.

விளையாட்டுப் போட்டிக்கு அஞ்சலோட்ட அணி எடுக்கிறேன். வேகமான நால்வரைச் சேர்த்தால் போதுமா?
– தமிழ்ப்பள்ளி ஆசிரியை, செந்தூல்

ஒரு கணக்குப் போடுவோம், டீச்சர். உசேன் போல்ட்டின் 9.58 நொடியை நான்கால் பெருக்கினால் 38.32. ஆனால் 2012 லண்டனில் ஜமைக்கா அணி ஓடியது 36.84! நான்கு போல்ட்டுகளைவிட ஓர் அணி வேகம். ஏனென்றால் முதலில் ஓடுபவர் தவிர மற்ற மூவரும் ஓட்டத்தில் இருக்கும்போதே பேட்டனை வாங்குகிறார்கள். 2016 ரியோவில் ஜப்பான் அணியில் ஒருவர்கூட அதுவரை 100 மீட்டரைப் பத்து நொடிக்குள் ஓடியதில்லை. கைமாற்றத்தைப் பழகிப் பழகி 37.60இல் வெள்ளி வாங்கினார்கள். நம் மணி ஜெகதீசன் 1966 பாங்காக் ஆசியப் போட்டியில் வாங்கிய மூன்று தங்கத்தில் ஒன்று 4x100 அஞ்சலோட்டத்தில்தான் வந்தது. ஆகவே ஐந்தாவது வேகக்காரியைத் தேடாதீர்கள். இருக்கும் நால்வரையும் கைமாற்றம் பழகச் சொல்லுங்கள்.

திருவிழாவில் கயிறு இழுக்க ஆள் கூட்டினால் பலமும் கூடாதோ?
– கோவில் கமிட்டிக்காரர், காப்பார்

கூடும், அண்ணே, நீங்கள் நினைக்கும் அளவுக்குக் கூடாது. மாக்ஸிமிலியன் ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் இதை அளந்தே பார்த்து 1913இல் எழுதினார். ஆள் சேரச் சேர, தலைக்கு விழும் இழுப்பு குறைகிறது. ஒன்று, எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை. இரண்டு, 'அதான் அவன் இழுக்கிறானே' என்ற எண்ணம். முதலாவதற்கு மருந்து, தாளம் சொல்ல ஒருவர். இரண்டாவது நோய் கமிட்டிக் கூட்டங்களிலும் உண்டு என்பதால் மேலே பேசவில்லை.

கபடியில் கைகோத்து நிற்பது ஏன்? தனித்தனியாக நின்றால் சுறுசுறுப்பாக இருக்கலாமே?
– கபடிப் பையன், பத்து கேவ்ஸ்

பாடி வருபவருக்கு முப்பது நொடி. மடக்கும் நீங்கள் ஏழு பேர். தனியாகப் பாய்கிறவரை அவர் ஏமாற்றிவிடுவார். கைகோத்தவர்களில் ஒருவர் காலைப் பிடித்தால், மற்றவர் அதே இழுப்பில் முன்வந்து வழியை அடைப்பார். கை வழியாகவே செய்தி போய்விடும், வாயைத் திறக்க வேண்டாம். பாடி வருபவரின் கையையும் கண்ணையும் பார்க்காதீர்கள், இரண்டும் பொய் சொல்லும். இடுப்பைப் பாருங்கள்.

எங்கள் அணியில் ஒருவர் ஆட்டம் முழுக்கக் கத்துகிறார். நல்லதா?
– பெயர் வேண்டாம், ஜாலான் ஈப்போ

என்ன கத்துகிறார் என்பதைப் பொறுத்தது. 'டேய்!' என்றால் சத்தம். 'பெலக்காங்!' (பின்னால்!) என்றால் தகவல். பந்தைக் காலில் வைத்திருப்பவருக்கு முதுகில் கண் இல்லை. அந்தக் கண் நீங்கள்தான்.

வயது 45. ஞாயிற்றுக்கிழமை ஆடினால் புதன்கிழமை வரை நொண்டுகிறேன். நிறுத்திவிடவா?
– மூன்று பிள்ளைகளின் அப்பா, செந்தூல்

ஆட்டத்தை நிறுத்த வேண்டாம். மாமாக் கடை நாற்காலியிலிருந்து எழுந்து நேரே களத்தில் இறங்குவதை நிறுத்துங்கள். ஃபிஃபாவின் '11+' என்று ஒரு பயிற்சி இருக்கிறது: பதினைந்து அசைவுகள், இருபது நிமிடம், சிறப்புக் கருவி எதுவும் வேண்டாம். தொடர்ந்து செய்த அணிகளில் காயங்கள் கணிசமாகக் குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதில் முக்கியமானது, குதித்து இறங்கும்போது முழங்கால் மடங்கி இறங்குவதும், அது உள்பக்கம் சாயாமல் பாத விரலுக்கு நேராக நிற்பதும். அணி முழுவதும் சேர்ந்து செய்யுங்கள். தனியாகச் செய்தால் இரண்டாவது வாரம் மறந்துவிடும். வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் போங்கள், என்னிடம் அல்ல.

எல்லா அணிக்கும் பொருந்தும்படி ஒரே ஓர் அறிவுரை?
– அவசரக்காரர், செந்தூல் திமோர்

இந்த ஞாயிறு ஆட்டத்தை யாரையாவது கைப்பேசியில் முழுதாகப் படமெடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் அடித்த கோலைத் திரும்பத் திரும்பப் பார்க்க அல்ல. பந்து உங்களிடம் இல்லாத நேரங்களில் எத்தனை முறை சும்மா நின்றீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையோடு அடுத்த கேள்வியை அனுப்புங்கள்; பதில் எழுத எனக்கும் வசதியாக இருக்கும்.