முறுக்கிக்கொண்ட சத்தம்
ஹால் டிவியோடு பழைய கம்ப்யூட்டரைக் கோத்துப் படம் பார்க்கிறோம். படம் வர ஒரே இடம். சத்தத்துக்கு மூன்று: எச்டிஎம்ஐயில் டிவி, ஆப்டிகலில் ஆம்ப்ளிஃபயர், ராத்திரிக்கு ப்ளூடூத் ஹெட்போன். டிவியை அணைத்தால், எச்டிஎம்ஐயே இல்லையென்று கம்ப்யூட்டர் முடிவுகட்டிச் சத்தத்தை வேறு பக்கம் தள்ளிவிடும். மறுபடி போட்டாலும் வராது. முறுக்கிக்கொண்ட மாப்பிள்ளையைப் போல, செட்டிங்ஸுக்குள் நாலு படி இறங்கிப்போய் அழைத்துவர வேண்டும். அங்கே பட்டியலில் ஐந்து எச்டிஎம்ஐ. (பெட்டியின் முதுகில் இருக்கிற ஓட்டையோ ஒன்று.)

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேர்ந்து பார்த்தேன். கேட்கவில்லையே என்று வால்யூமையும் முழுக்க ஏற்றிவிட்டு, கடைசியாக ஒன்றைத் தொட்டேன். ஆம்ப்ளிஃபயர்!

எதிர்வீட்டு மாமா கதவைத் தட்டினார். "தம்பி, வில்லன் செத்துட்டானா? நாங்க தூங்கலாமா?"